திரும்பிவரும் வழி

லினக்ஸ் பயன்படுத்துவோர் கூடும் இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கணினி, அப்டேட் போட்ட பிறகு மக்கர் செய்கிறது. ஒலி வரவில்லை, வைஃபை பிடிக்கவில்லை, அல்லது பிரிண்டர் அசைய மறுக்கிறது. "அந்த அப்டேட்டை எடுத்துவிட்டு நேற்றிருந்த நிலைக்கே போக முடியுமா?" என்று ஒருவர் கேட்கிறார். மூத்தவர்களிடமிருந்து வரும் பதில் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: பின்னால் போகாதே. பேக்கேஜ்கள் முன்னோக்கிப் போவதற்காகவே செய்யப்பட்டவை. அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும், பொறுத்திரு. பொறுக்க முடியாவிட்டால் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாக இன்ஸ்டால் செய்.

அரைகுறையாகத் தெரிந்தவர்களின் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பல ஆண்டுகள் சர்வர்களைக் கட்டிக் காத்தவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். பழைய பதிப்புக்கு இறங்குவதற்கு முறையான ஆதரவு கிடையாது என்று டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் ஆவணங்களே சொல்கின்றன. அவர்கள் முன்வைக்கும் காரணங்கள் மூன்று. பழைய பதிப்புக்குப் போவது, அடைத்த பாதுகாப்பு ஓட்டையை மறுபடி திறப்பதாகும் என்பது முதலாவது. பேக்கேஜுக்குள் இருக்கும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் ஏறுவதற்கு எழுதப்பட்டவை, இறங்குவதற்குச் சோதிக்கப்படாதவை என்பது இரண்டாவது. புதிதாக நிறுவ அரை மணி நேரம் போதும் என்னும்போது இந்தத் தொல்லை எதற்கு என்பது மூன்றாவது.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் சேர்த்து அவர்கள் வந்தடையும் முடிவு தவறு என்பது என் வாதம். அந்தத் தவறு கேடும் செய்கிறது. அப்டேட் போடும் பழக்கத்தைக் காப்பதற்காகவே அவர்கள் திரும்பிவரும் வழியை மறுக்கிறார்கள். அந்த மறுப்பினாலேயே அந்தப் பழக்கம் சாகிறது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மருந்து பின்னால் இருந்த நாள்

2024 மார்ச் 29. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தை உருவாக்குவோரில் ஒருவரும் மைக்ரோசாஃப்ட் பொறியாளருமான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் ஓர் எச்சரிக்கையைப் பொதுவில் வைத்தார். தன் டெபியன் கணினியில் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆவதை அவர் கவனித்திருந்தார். அந்த அரை நொடியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனவர், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு ஒளிந்திருப்பதைக் கண்டார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உழைப்பாளியாகத் தோற்றம் காட்டி நம்பிக்கை பெற்ற ஒரு கணக்கின் கைவரிசை அது. அதன் கடுமைக்கு 10-க்கு 10 மதிப்பெண் கொடுத்தார்கள்.

அன்று ஆபத்தில் நின்றவர்கள் யார்? அப்டேட் போடச் சோம்பியவர்கள் யாரும் இல்லை. டெபியனின் நிலைத்த பதிப்பில் இருந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. அங்கே பழைய எக்ஸ்இசட்தான் இருந்தது. டெபியனின் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகளிலும் ஃபெடோராவின் ராஹைடிலும் இருந்துகொண்டு ஒவ்வோர் அப்டேட்டையும் வந்தவுடன் ஏற்றியவர்களே சிக்கினார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட மருந்து, பொறுத்திரு என்பதில்லை. உடனே 5.4 வரிசைக்குத் திரும்பு என்பதே. அதுவும் போதாது, அந்தக் கணக்கின் கைபடாத இன்னும் பழைய நிலைக்குப் போக வேண்டும் என்றுகூட டெபியனுக்குள் வாதம் நடந்தது.

டெபியன் அதைச் செய்த விதத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். அது வெளியிட்ட பேக்கேஜின் எண் 5.6.1+ரியலி5.4.5-1. பேக்கேஜ் மேலாளர் பெரிய எண்ணைத்தான் புதியது என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே 5.6.1-ஐ விடப் பெரிதாகத் தெரியும்படி எண்ணைக் கொடுத்து, உள்ளே 5.4.5-ஐ வைத்தார்கள். 'உண்மையில் இது 5.4.5' என்று எண்ணின் நடுவிலேயே எழுதியும் விட்டார்கள். இந்த ஒரு நெருக்கடிக்காகக் கண்டுபிடித்த வழி இல்லை இது; டெபியனில் நெடுநாளாக இருக்கும் மரபு. பேரேட்டில் தவறாக ஏறிய தொகையை அடித்து அழிக்காமல், எதிர்ப்பதிவு போட்டுச் சரிக்கட்டும் கணக்குப்பிள்ளையின் முறையும் இதுவே. பக்கம் முன்னே நகர்கிறது, கணக்கு பழைய நிலைக்குத் திரும்புகிறது.

டெபியன் அன்று செய்தது முற்றிலும் சரி. நான் கேட்பது ஒன்றுதான். பேக்கேஜைப் பராமரிப்பவருக்குத் திரும்பிவரும் வழி தேவைப்பட்டது, அதற்கென ஒரு மரபையே வைத்திருக்கிறார் என்றால், அந்தப் பேக்கேஜைத் தன் கணினியில் ஏற்றிக்கொண்டவருக்கு மட்டும் அது ஏன் ஆகாத செயலாக வேண்டும்?

உருவாக்குபவர்கள் எப்படி நடக்கிறார்கள்?

லினக்ஸ் கெர்னலையே எடுத்துக்கொள்வோம். நேற்று ஓடியது இன்று ஓடாமல் போகக் கூடாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்துவரும் முதல் விதி. அந்த விதி மீறப்படும்போது என்ன செய்கிறார்கள்? கிட் பைசெக்ட் என்ற முறையில், நல்ல நிலைக்கும் கெட்ட நிலைக்கும் நடுவிலுள்ள பதிப்பை எடுத்துச் சோதித்து, பாதியை ஒதுக்கி, மீதியில் மறுபடி நடுவை எடுக்கிறார்கள். ஆயிரம் மாற்றங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குற்றவாளியைப் பத்தே சோதனைகளில் பிடித்துவிடலாம். பிடித்த பின், நல்ல திருத்தம் சீக்கிரம் வராது என்றால், அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறுகிறார்கள். ஒவ்வொரு கெர்னல் வெளியீட்டின் மாற்றப் பட்டியலிலும் இப்படித் திரும்பப் பெற்றவை இருக்கும். அதை யாரும் இழுக்காக நினைப்பதில்லை.

இந்தக் காவலையும் மீறிப் பிழைகள் வெளியே வருகின்றன. 2023 டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வெளிவர வேண்டியிருந்தது. அதனுடன் வந்த 6.1.64 கெர்னலில், இஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் எழுதப்படும் தரவு சிதையக்கூடிய பிழை இருப்பது தெரிந்தது. நிலைத்த கெர்னலுக்குள் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள், அது சாய்ந்து நிற்க வேண்டிய முந்தைய மாற்றம் ஒன்றைக் கொண்டுவர விட்டுவிட்டார்கள். டெபியன் வெளியீட்டை நிறுத்தி, மறுநாளே சரியான கெர்னலோடு 12.4-ஐ வெளியிட்டது. முன்னோக்கிய திருத்தம் இவ்வளவு வேகமாக வந்த நிகழ்வுகள் குறைவு. ஆனாலும் இடைப்பட்ட அந்த நேரத்தில், கெட்ட கெர்னல் ஏறிவிட்ட கணினியை வைத்திருந்தவர் என்ன செய்வார்? டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் சந்தேகத்துக்குரியது என்னும்போது, பொறுத்திரு என்பது அறிவுரை ஆகாது. பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துத் துவக்குவதே அவருக்கு இருந்த வழி.

2020 ஜூலை 29 அன்று பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்டது. கணினியைத் துவக்கும் கிரப் நிரலில் இருந்த ஓட்டை அது. அதை அடைக்க ரெட் ஹேட் வெளியிட்ட அப்டேட்டை ஏற்றிய பல ஆர்ஹெச்இஎல், சென்ட்ஓஎஸ் கணினிகள் அதன் பிறகு துவங்கவே இல்லை. ரெட் ஹேட் கொடுத்த தீர்வு என்ன? அப்டேட்டைப் போடாதவர்கள் இப்போதைக்குப் போட வேண்டாம். போட்டுத் துவங்காமல் நிற்பவர்கள் மீட்பு டிஸ்க்கிலிருந்து துவக்கி கிரப், ஷிம் பேக்கேஜ்களைப் பழைய பதிப்புக்கு இறக்குங்கள் என்பதே. பாதுகாப்பு அப்டேட் அது. ஓட்டை ஊரறிந்தது. அப்படியிருந்தும் துவங்காத கணினியைவிட ஓட்டையுள்ள கணினி மேல் என்று அந்த அப்டேட்டை வெளியிட்ட நிறுவனமே முடிவு செய்தது. அந்த நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவும் அதுதான்.

பாதுகாப்பு என்ற வாதம்

இனி முதல் காரணத்துக்கு வருவோம். அப்டேட் போடாமல் இருப்பதன் ஆபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் நிரலின் ஓட்டைக்குத் திருத்தம் வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்துக்குள் மே மாதத்தில் ஆட்கள் நுழைந்தார்கள். 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் களவு போயின. ஒரு திருத்தத்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டதன் விலை அது. அப்டேட் போட வேண்டும், காலத்தில் போட வேண்டும் என்பதில் எனக்கும் எதிர்த்தரப்புக்கும் துளியும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. மனிதர்கள் ஏன் அப்டேட் போடாமல் விடுகிறார்கள்? சோம்பலால் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் கண்டவரை, முக்கால்வாசிப் பேர் அச்சத்தால் விடுகிறார்கள். ஒருமுறை சுட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

எங்கள் ஊரில் ஓர் அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் கொடை நோட்டீஸ் என்று ஓடும் சிறு அச்சகம். அதன் உரிமையாளர் அண்ணாச்சி, செலவு கருதி லினக்ஸ் மின்ட்டுக்கு மாறியவர். ஆவணி முகூர்த்தங்களுக்கான வேலை குவிந்திருந்த வாரத்தில் ஓர் அப்டேட் வந்தது. போட்டார். பிரிண்டர் டிரைவர் உடைந்தது. உதவிக்கு வந்த பையன், நான் மேலே சொன்ன அறிவுரையை அப்படியே கேட்டு வளர்ந்தவன். பழையதுக்குப் போகக் கூடாது என்று சொல்லி எல்லாவற்றையும் புதிதாக நிறுவினான். பிரிண்டர் ஓடியது. ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்த்த எழுத்துருக்களும், பிரிண்டருக்கென்று பார்த்துப் பார்த்து வைத்த நிற அளவுகளும் போயின. மூன்று நாள் வேலை கெட்டது. இரண்டு வீட்டார் முன்பணத்தைத் திரும்ப வாங்கிப் போனார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து நான் அந்தக் கணினியைப் பார்த்தபோது நானூறுக்கும் மேற்பட்ட அப்டேட்டுகள் காத்துக் கிடந்தன. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவ்கள் நாள் முழுக்கச் செருகப்படும் கணினி அது. "ஏன் அண்ணாச்சி இப்படி விட்டு வச்சிருக்கீங்க?" என்றேன். "அதத் தொடவே வேண்டாம் தம்பி. இப்ப ஓடுது. ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணற்றில் தூர் வார இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்குவதில்லை. மேலே இருவர் அதைப் பிடித்திருப்பார்கள். கயிறு கொடுக்காமல் அண்ணாச்சியை இறங்கச் சொன்னோம். அடிபட்டுக் கரையேறியவர் இனிக் கிணற்றுப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். ஒரு பேக்கேஜை ஒரு வாரத்துக்குப் பழைய பதிப்பில் நிறுத்தியிருந்தால் திறந்திருக்கக்கூடிய ஓட்டை ஒன்றோ இரண்டோ. நிறுத்தக் கூடாது என்ற போதனையால் போடாமல் கிடந்த அப்டேட்டுகள் நானூறு. பாதுகாப்பின் பெயரால் பேசுபவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

தாக்குபவர்களே கணினியை ஓட்டையுள்ள பழைய பதிப்புக்குத் தள்ளுவார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் அதற்குக் காப்பு வேறு. பேக்கேஜில் விநியோகத்தின் கையொப்பம் இருக்க வேண்டும். களஞ்சியத்தின் பட்டியல் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இறங்கும் முடிவை ரூட் அதிகாரம் உள்ளவர் மட்டுமே எடுக்க வேண்டும். திருடன் வருவான் என்று வாசலுக்குப் பூட்டுப் போடுவோம். வாசலையே சுவரெழுப்பி அடைத்துவிட மாட்டோம்.

இறங்கச் சோதிக்கப்படாத படிகள்

மூன்று காரணங்களில் வலுவானது இரண்டாவது. அதை மழுப்பாமல் பேச வேண்டும்.

டெபியன் பேக்கேஜ் ஒவ்வொன்றிலும் நிறுவுவதற்கு முன்னும் பின்னும், நீக்குவதற்கு முன்னும் பின்னும் ஓடும் ஸ்கிரிப்டுகள் இருக்கலாம். புதிய பதிப்பின் ஸ்கிரிப்ட் ஓர் அமைப்புக் கோப்பைப் புதிய வடிவுக்கு மாற்றியிருந்தால், அதைப் பழைய வடிவுக்கு மாற்றப் பழைய பதிப்புக்குத் தெரியாது. எல்லா நிரல்களும் சார்ந்து நிற்கும் ஜிலிப்சி போன்ற அடித்தள நூலகத்தை மட்டும் தனியே இறக்கினால், கணினியில் எந்தக் கட்டளையும் ஓடாமல் போகலாம். கெர்னல், ஜிலிப்சி, செலினக்ஸ் பேக்கேஜ்களை, செய்த நிறுவலைத் திருப்பும் ஹிஸ்டரி அண்டூ கட்டளை மூலம் இறக்குவதற்கு ஆதரவு இல்லை என்று ரெட் ஹேட் எழுதி வைத்திருப்பதும் இதனால்தான். தரவின் நிலை இன்னும் கடினம். மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு ஏறிய தரவை 5.7-ஆல் திறக்க முடியாது. ஃபயர்ஃபாக்ஸ் 2019-ல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு தொட்ட பயனர் கோப்புறையைப் பழைய பதிப்பில் திறக்க விடுவதில்லை.

இவை எல்லாம் உண்மை. ஆனால் இவை எதைக் காட்டுகின்றன? ஒற்றைப் பேக்கேஜைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குவது ஆபத்து என்பதைக் காட்டுகின்றன. திரும்பிவரவே கூடாது என்பதைக் காட்டவில்லை. படியில் கைப்பிடி இல்லை என்றால் கைப்பிடி வைப்பதுதான் முறை. மேலே போனவர் இனி இறங்கவே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

மூன்று வகைத் திரும்புதலைக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த வாதம் நீள்கிறது. டிரைவர், பிரவுசர், எடிட்டர் போல விளிம்பில் இருக்கும் பேக்கேஜைத் தனியாகப் பழைய பதிப்புக்கு இறக்கலாம். பெரும்பாலும் எந்தச் சிக்கலும் வராது. அடித்தள நூலகங்கள் சம்பந்தப்பட்டால், பேக்கேஜைத் தனியாகத் தொடாமல், அப்டேட்டுக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டின் மூலம் முழு அமைப்பையும் ஒரே அடியாகத் திருப்ப வேண்டும். அப்போது எந்த ஸ்கிரிப்டும் ஓடத் தேவையில்லை; ஆகவே சோதிக்கப்படாத ஸ்கிரிப்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. தரவைப் பொறுத்தவரை, ஏறுவதற்கு முன் எடுத்த பேக்கப்தான் திரும்பும் வழி.

அந்த மூன்றாவதிலும் டெபியன் ஒரு நல்ல முன்மாதிரியை வைத்திருக்கிறது. அதன் போஸ்ட்கிரெஸ்கியூஎல் பேக்கேஜ்களில் ஒவ்வொரு பெரிய பதிப்பும் தனித்தனியே நிறுவப்படுகிறது. புதிய பதிப்புக்குத் தரவை மாற்றும் கட்டளை, பழைய தரவை நிறுத்தி வைக்கிறதே தவிர அழிப்பதில்லை. புதியது ஒழுங்காக ஓடுகிறது என்று மனம் நிறைந்த பிறகு நிர்வாகியே வேறு கட்டளை கொடுத்துப் பழையதை நீக்க வேண்டும். திரும்பிவருவதை முன்கூட்டி நினைத்துச் செய்த வேலை அது. அப்படி நினைத்தால் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புதிதாக நிறுவுவது யாருக்கு எளிது?

அரை மணி நேரத்தில் புதிதாக நிறுவிவிடலாம் என்பது, கணினியை நிறுவுவதையே தொழிலாகவோ பொழுதுபோக்காகவோ கொண்டவரின் கணக்கு. ஓர் அலுவலகக் கணினியின் பெறுமானம் அதில் ஓடும் லினக்ஸில் இல்லை. நாள்பட நாள்படப் படிந்த அமைப்புகளில் இருக்கிறது. எந்தப் பகிர்வுக் கோப்புறை எங்கே, எந்த ஸ்கேனருக்கு எந்த டிரைவர், யாருக்கு எந்த அனுமதி என்பதையெல்லாம் யாரும் எங்கும் எழுதி வைத்திருப்பதில்லை. புதிதாக நிறுவும்போது அவ்வளவும் அழிகிறது.

இன்னொன்றும் அழிகிறது. அதுதான் தடயம். எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு எப்போது போனது என்பதை டெபியனின் பேக்கேஜ் மேலாளரான ஏபிடி தன் ஹிஸ்டரி பதிவேட்டில் நாள், நேரத்தோடு எழுதி வைக்கிறது. அதைப் பார்த்து ஒன்றைத் திருப்பி, சிக்கல் தீர்கிறதா என்று சோதித்தால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கும். அதை வைத்து எழுதப்படும் பிழை அறிக்கை, அதே சிக்கலில் தவிக்கும் எத்தனையோ பேருக்குத் திருத்தம் கொண்டுவரும். டிஸ்க்கைத் துடைத்து மறுபடி நிறுவியவரால் 'என்னவோ ஆச்சு, இப்போது சரி' என்று மட்டுமே சொல்ல முடியும். திரும்பிப் பார்ப்பவர் இல்லாத ஊரில் பிழைகள் நெடுநாள் வாழும்.

வழி ஏற்கெனவே இருக்கிறது

இது நடக்கக் கூடியதா என்ற ஐயம் இனியும் எழக் கூடாது. ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் ஆய்வேட்டில் நிக்ஸ் முறையை விளக்கினார். அதில் புதிய பதிப்பு பழையதன் மேல் எழுதப்படுவதில்லை. பக்கத்திலேயே தனியாக வைக்கப்படுகிறது. நிக்ஸ்ஓஎஸ் கணினியில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு தலைமுறையாகச் சேமிக்கப்பட்டு பூட் மெனுவில் வரிசையாக நிற்கும். வேண்டிய தலைமுறையைத் தேர்ந்தெடுத்துத் துவக்கலாம். ஓப்பன்சூசே 2011-லேயே பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பின் மேல் ஸ்னாப்பர் கருவியைக் கொண்டுவந்தது. அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் தானாகவே ஸ்னாப்ஷாட் எடுக்கிறது. ஃபெடோரா சில்வர்புளூ முந்தைய அமைப்பை முழுதாகப் பக்கத்தில் வைத்திருக்கிறது. உபுண்டுவின் ஸ்னாப் பேக்கேஜை ஒரே கட்டளையில் முந்தைய பதிப்புக்குத் திருப்பலாம். ஃபெடோராவின் பேக்கேஜ் மேலாளரான டிஎன்எஃப், ஒரு பரிமாற்றத்தை முழுதாகத் திருப்பும் வசதியை நெடுநாளாகவே வைத்திருக்கிறது. ஏபிடி-யும் அண்மையில் அந்த வழிக்கு வந்திருக்கிறது.

இவ்வளவு ஏன்? லினக்ஸ் கெர்னலில் ஓடும் ஆண்ட்ராய்டு, 2016-ல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து இரட்டைப் பகிர்வு முறையை ஆதரிக்கிறது. அந்த முறையில் ஓடும் கைபேசியில், புதிய அமைப்பு பக்கத்துப் பகிர்வில் ஏறும். துவங்கவில்லை என்றால் கைபேசி தானாகவே பழைய பகிர்வுக்குத் திரும்பும். கெர்னல் என்று வந்தால் சாதாரண டெபியனும் ஃபெடோராவும்கூட இதைத்தான் செய்கின்றன. ஃபெடோராவில் இயல்பாக மூன்று கெர்னல்கள் வரை டிஸ்க்கில் இருக்கும். கெர்னலுக்குத் திரும்பும் வழி வேண்டும் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். மற்ற பேக்கேஜ்களுக்கு மட்டும் ஏன் கூடாது என்பதற்கு, பழக்கம் என்பதைத் தவிர எனக்குக் காரணம் தெரியவில்லை.

அந்த வழி கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நிறுவனம் தன் தவறை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றது. பயன் என்ன? துவங்கவே முடியாத கணினிக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர வழியில்லை. மனிதர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய் உட்கார்ந்து அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. நடந்தது வேறொரு அமைப்பில் என்றாலும் பாடம் எல்லோருக்கும் பொது. அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்ற வாக்கு, அடுத்த அப்டேட்டை வாங்கிக்கொள்ளும் நிலையில் கணினி இருந்தால்தான் பலிக்கும்.

ஆகவே விநியோகங்களிடம் கேட்க வேண்டியவை உண்டு. ஃபெடோராவின் அப்டேட் களஞ்சியத்தில் ஒரு பேக்கேஜின் கடைசிப் பதிப்பு மட்டுமே நிற்கிறது. இடைப்பட்டவற்றைத் தேட வேறிடம் போக வேண்டும். டெபியன் பழைய பேக்கேஜ்களை நாள்வாரியாகச் சேமித்து வைத்திருக்கிறது, ஆர்ச்சும் அப்படியே. ஆனால் சாதாரணப் பயனர் அவை இருப்பதையே அறியார். முந்தைய இரண்டு மூன்று பதிப்புகள் வழக்கமான களஞ்சியத்திலேயே கிடைக்க வேண்டும். நிறுவும்போதே ஸ்னாப்ஷாட்டுக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும். முந்தைய பதிப்புக்கு இறங்கும் பாதையும் வெளியீட்டுக்கு முன் சோதிக்கப்பட வேண்டும்.

நம்மிடமும் கேட்க வேண்டியவை உண்டு. திரும்பிவருவது அங்கேயே தங்கிவிடுவதாக ஆகிவிடக் கூடாது. ஒரு பேக்கேஜைப் பழைய பதிப்பில் நிறுத்தினால், ஏன் நிறுத்தினோம், எப்போது மறுபடி பார்ப்போம் என்று தேதியோடு எழுதி வைக்க வேண்டும். பிழை அறிக்கை கொடுக்க வேண்டும். திருத்தம் வந்த அன்று தடையை எடுத்துவிட்டு முன்னே போக வேண்டும். மறந்துபோன தடை, போடாத அப்டேட்டுக்குச் சமம். திரும்பும் உரிமையோடு சேர்ந்தே வரும் கடமை இது.

அண்ணாச்சியின் கணினியில் நான் முதலில் செய்தது அப்டேட் இல்லை. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற கருவி கூடவே வருகிறது. அதில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். பிறகு அவர் கண் முன்னாலேயே ஒரு நிரலை வேண்டுமென்றே நீக்கி, கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பிக் காட்டினேன். அவருடைய பத்திரிகைக் கோப்புகளை அது தொடவில்லை என்பதையும் திறந்து காட்டினேன். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா, கெட்டுப்போச்சுன்னா நானே இதை அமுக்கலாமா?" என்றார். அமுக்கலாம் என்றேன். "சரி, போடு தம்பி" என்றார்.

நானூறு அப்டேட்டுகளும் அன்று மாலைக்குள் ஏறின. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, அச்சகம் மூடியிருக்கும் நாளில், அவரே ஸ்னாப்ஷாட் எடுத்து அவரே அப்டேட் போடுகிறார். திருப்ப வேண்டிய தேவை இதுவரை ஒரே ஒருமுறைதான் வந்தது. திருப்பினார், இரண்டு வாரம் பொறுத்தார், மறுபடி போட்டார். எந்த முகூர்த்தத்துக்கும் பத்திரிகை தாமதமாகவில்லை.